கூப்பிடாத ஒரு மணித்தியாலம்

எங்கள் பகுதியின் நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் போய்ப் பழகியவர்கள் ஒரு வசனத்தைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். நூலை எழுதியவர் பெண்ணாக இருந்தால், வாழ்த்துரையோ நயவுரையோ சொல்ல வருகிறவர்களில் ஒருவராவது அதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கமாட்டார். “குடும்பப் பொறுப்புகளுக்கு மத்தியிலும் இப்படி எழுதியிருக்கிறாரே!” என்பதுதான் அந்த வசனம். சபை கைதட்டும். எழுதியவரும் தலையைக் குனிந்து சிரிப்பார்.

நூலை எழுதியவர் ஆணாக இருந்தால் இந்த வசனம் வராது. அவருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்க்க வேண்டிய வயதான உம்மாவும் வாப்பாவும் இருக்கிறார்கள். ஆனாலும் அதற்காக அவரை யாரும் வியப்பதில்லை. அவருடைய குடும்பம் வேறோர் இடத்தில் வரும். ‘என்னுரை’யில் அச்சகத்தாருக்கும் அட்டைப்படம் வரைந்தவருக்கும் நன்றி சொல்லி முடித்த பிறகு, தன் எழுத்துக்கு இடைஞ்சல் தராமல் ஒத்துழைத்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வரி நன்றி இருக்கும்.

நாம் விமர்சனம் எழுதும்போது கதையை வாசிக்கிறோம், மொழியை வாசிக்கிறோம், அணிந்துரையைக்கூட விடுவதில்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு அது முக்கியமான வரியாகப் படுகிறது. ‘இடைஞ்சல் தராமல்’ என்ற அந்தச் சொற்களில் ஓர் உண்மை வெளிவந்துவிடுகிறது. எழுதுகிற நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. அதை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார். அந்த ஆண் எழுத்தாளருக்கு வீட்டில் ஒருவர் நேரம் கொடுத்திருக்கிறார். கொடுத்தவர் எழுத விரும்பினால் அவருக்கு யார் கொடுப்பது? இந்தக் கட்டுரையின் கேள்வி இவ்வளவுதான்.

மேடையில் வரும் அந்த வியப்பு நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 1961 இல் கனடாவின் வான்கூவர் நகரப் பத்திரிகையொன்று அலிஸ் மன்றோ என்ற இளம் எழுத்தாளரை அறிமுகம் செய்தது. ஓர் இல்லத்தரசிக்குக் கதை எழுத நேரம் கிடைத்திருக்கிறது என்பதையே அது தலைப்பாக்கியது. அவருடைய கதைகள் எப்படிப்பட்டவை என்பது தலைப்பில் வரவில்லை. அந்தக் கதைகளுக்காகத்தான் 2013 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாராட்டுப் போலத் தோன்றும் இந்த வசனத்தில் இரண்டு தீங்குகள் உண்டு. ஒன்று, நூலைச் சலுகைப் புள்ளி போட்டு வாசிக்கச் சொல்கிறது. ‘பாவம், இவ்வளவு வேலைக்குள்ள எழுதியிருக்கா’ என்று தொடங்குகிற வாசிப்பு, அந்த எழுத்தோடு மல்லுக்கட்டாது, அதைக் கண்டிக்காது, அதனால் அதை மதிக்கவும் மாட்டாது. மற்றது, அந்த வேலைப்பளுவை மாரிமழை மாதிரி ஒரு இயற்கை விதியாக்கிவிடுகிறது. மழைக்குள் நனையாமல் வந்தவரைப் பாராட்டுகிறோம். குடை யாரிடம் இருந்தது என்று கேட்பதில்லை.

அறையா, நேரமா?

இந்த விடயத்தைப் பேசத் தொடங்கினால் வர்ஜீனியா வுல்ஃப் பெயர் வந்தே தீரும். கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரிகளில் 1928 இல் அவர் ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்த நூல் 1929 இல் வெளிவந்தது. ஒரு பெண் புனைகதை எழுத வேண்டுமானால் அவளுக்குச் சொந்தமாக ஓர் அறையும், வருடத்துக்கு 500 பவுண் வருமானமும் வேண்டும் என்பது அவர் வாதம். நம்மவர்களும் இதைப் பல தடவை எடுத்தாண்டிருக்கிறார்கள்.

இந்த வாதத்தைக் கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ காத்தான்குடிக்கோ கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தாய்வழிக் குடிமுறையும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இங்கு தலைமுறை தலைமுறையாக வந்தவை. வீட்டின் உறுதி பெரும்பாலும் பெண்ணின் பெயரில் இருக்கும். அந்த வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் வாப்பாவும் காக்காமாரும் படுகிற பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே நான் சொல்ல வருவது வேறு. வுல்ஃப் ஓர் அறை கேட்டார். நம் பெண்ணிடம் முழு வீடே இருக்கிறது. அவர் ஆசிரியையாகவோ அரசாங்க உத்தியோகத்தராகவோ இருந்தால் மாதச் சம்பளமும் இருக்கிறது. அப்படியானால் வுல்ஃப் கேட்ட இரண்டும் கிடைத்துவிட்டன. எழுத்து மட்டும் ஏன் ஓடவில்லை?

இந்தக் கேள்வியை எழுத்தில் ஆர்வமுள்ள பெண்களிடம் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரியானது: “அறை இரிக்கி. மேசையும் இரிக்கி. மேசைக்கு மேல புள்ளையள்ற கொப்பியும் தைக்கிற மெசினும் இரிக்கி.”

மேசையைத் துப்புரவாக்குவது பெரிய காரியமில்லை. மேசைக்கு முன்னால் இருக்கிறவரைக் கூப்பிடாமல் விடுவதுதான் பெரிய காரியம். “உம்மா, என்ட சப்பாத்து எங்க?” “புள்ள, ஒரு தேத்தண்ணி தா.” “வாசல்ல யாரோ வந்திருக்காங்க, பாருங்க.” இவற்றில் ஒன்றும் கொடுமையான பேச்சில்லை. எல்லாம் அன்பான குரல்கள்தான். ஆனால் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு வசனம் பலியாகிறது. மூன்று 20 நிமிடங்கள் சேர்ந்தால் கணக்குப் பாடத்தில் ஒரு மணித்தியாலம் வரும். எழுதுகிறவருக்கு அது வராது. ஒரு பாத்திரத்தின் மனசுக்குள் இறங்கவே 20 நிமிடம் வேண்டும். இறங்கிய இடத்தில் கூப்பிடு குரல் கேட்டால், மறுகா கிறுகி வந்து முதல் படியிலிருந்துதான் இறங்க வேண்டும்.

ஓர் ஆசிரியையின் நாளை எடுத்துக்கொள்வோம். சுபஹுக்கு எழும்புகிறார். காலைச் சாப்பாடு, பகலுக்கும் சேர்த்துக் கறி, பிள்ளைகளின் உடுப்பு, 7.30க்குப் பாடசாலை. 1.30க்கு விட்டு வந்தால் லுஹர், சோறு, வயதானவர்களுக்கு மருந்து. அஸருக்குப் பிறகு பிள்ளைகளை டியூஷனுக்கும் மதரஸாவுக்கும் ஏற்றி இறக்க வேண்டும். மஃரிபுக்குப் பிறகு அவர்களின் வீட்டுப்பாடம். இஷாவுக்குப் பிறகு இராச் சாப்பாடு, பாத்திரங்கள், மறுநாளைய பாடக்குறிப்பு. ஐந்து வக்தும் அந்த நாளைப் பிரித்துக் காட்டுகின்றன. ஒவ்வொரு வக்துக்கும் இடையில் ஒரு வேலை குந்தியிருக்கிறது. நோன்பு மாதம் வந்தால் இதற்கு மேல் சஹரும் கஞ்சியும். இந்த அட்டவணையில் அறை எங்கே குறைகிறது? குறைவது, யாரும் கூப்பிடாத ஒரு மணித்தியாலம்.

சுருட்டுக் கணக்கு

நேரத்தைப் பற்றி ஒரு முஸ்லிம் பெண் போட்ட மிகக் கூர்மையான கணக்கு, வுல்ஃபின் நூலுக்கு 24 வருடங்களுக்கு முன்னரே அச்சில் வந்துவிட்டது. வங்காளத்தின் ரொக்கேயா ஸகாவத் ஹுஸைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற ஆங்கிலக் கதை 1905 இல் வெளியானது. அதை வெளியிட்ட பெண்கள் சஞ்சிகை சென்னையிலிருந்து வந்தது என்பது நமக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமான செய்தி.

பெண்கள் வெளியே நடமாட, ஆண்கள் வீட்டுக்குள் இருக்கும் ஒரு நாட்டைக் கனவில் காண்கிறாள் சுல்தானா. இந்தக் கதையைப் பேசுகிறவர்கள் அதில் வரும் பறக்கும் வாகனத்தையும் சூரிய வெப்பத்தில் சமைக்கும் புகையில்லாக் குசினியையும் சொல்லி, இது ஒரு ஆரம்பகால அறிவியல் புனைகதை என்பார்கள். சரிதான். ஆனால் கதையின் நடுவில் ஓர் உரையாடல் இருக்கிறது. விருந்தளிக்கும் சாராவின் கைவேலைப்பாட்டைப் பார்த்து சுல்தானா வியந்துபோகிறாள். அலுவலக வேலையும் பார்த்துக்கொண்டு பூத்தையலுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்கிறாள். சாரா சாதாரணமாகச் சொல்கிறாள், தன் வேலை இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று. அப்படியானால் ஆண்கள் நாள் முழுக்க அலுவலகத்தில் என்ன செய்கிறார்கள்? ஒரு சுருட்டு எரிந்து முடிய அரை மணித்தியாலம். நாளைக்கு 12 சுருட்டு. அப்படியே 6 மணித்தியாலம் புகையாகப் போகிறது.

பகிடியாகச் சொன்னாலும் இந்தக் கணக்கு ஆழமானது. நம் மேடையில் கேட்கும் அதே வியப்பைத்தான் சுல்தானாவும் கேட்கிறாள்: இத்தனைக்கு மத்தியில் எப்படி நேரம்? ரொக்கேயா அந்த வியப்புக்குப் பாராட்டால் பதில் சொல்லவில்லை, கணக்கால் பதில் சொல்கிறார். நேரம் எங்கே போகிறது, யாருடைய நேரம் எதில் எரிகிறது என்று எண்ணிக் காட்டுகிறார். நாம் அந்த இடத்தில் இன்று தொலைபேசியை வைத்துப் பார்க்கலாம், சந்திக் கடையில் அஸருக்குப் பிறகு நடக்கும் பேச்சை வைத்துப் பார்க்கலாம். நேரமில்லை என்று சொல்லும் பெண்களும் தங்கள் கையிலுள்ள தொலைபேசிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கணக்கு என்றால் எல்லாருக்கும் கணக்குத்தான்.

இந்தக் கதை எழுதப்பட்ட சூழ்நிலையையும் பார்க்க வேண்டும். பகல்பூரில் உதவி நீதவானாக இருந்த அவரது கணவர் உத்தியோக நிமித்தம் வெளியூர் போயிருந்தார். வீட்டில் தனித்திருந்த வேளையில் பொழுதுபோக்காக எழுதியதாக ரொக்கேயாவே பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். வந்து பார்த்த கணவர் நின்ற நிலையிலேயே முழுவதையும் வாசித்துவிட்டு மெச்சினாராம். நேரத்தைப் பற்றிய அந்தக் கதை, யாரும் கூப்பிடாத நேரத்தில்தான் பிறந்திருக்கிறது. அவருடைய எழுத்துக்குத் துணையாக நின்றவர்களும் வீட்டுக்குள் இருந்தவர்களே. சிறுவயதில் வீடு உறங்கிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மூத்த காக்கா ஒருவர். அதற்குப் பிறகு, வாசித்து மகிழ்ந்த அந்தக் கணவர். குடும்பம் எழுத்துக்குப் பகை என்று சொல்கிறவர்கள் ரொக்கேயாவின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும்.

இரண்டாம் ஜாமம்

எல்லா வீட்டிலும் அப்படிக் காக்கா கிடைப்பதில்லை. தமிழில் நமக்கு மிக அருகிலிருக்கும் உதாரணம் துவரங்குறிச்சி சல்மா. பருவமடைந்ததோடு படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருந்தவர். மணமான பின்னர் கழிப்பறையில் மறைந்து நின்று எழுதியதை அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அவர் எழுதிய கடதாசித் துண்டுகளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க உதவியவர் அவரது உம்மா. ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000 ஆம் ஆண்டு வந்தது. 2004 இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் வந்தது.

அந்த நாவலின் தலைப்பைக் கவனியுங்கள். அது ஓர் இடத்தின் பெயரல்ல, ஒரு பாத்திரத்தின் பெயருமல்ல, ஒரு நேரத்தின் பெயர். வீடு ஓய்ந்து, கடைசிப் பாத்திரமும் கழுவிக் கவிழ்க்கப்பட்ட பிறகு வருகிற நேரம். நாவலின் அமைப்பும் அதற்கேற்பவே இருக்கிறது. தனியொரு நாயகியைப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் ஓடாமல், பல வீடுகளுக்கும் பல பெண்களுக்கும் இடையில் போய்ப்போய் வருகிறது. குசினியில் தொடங்கிய பேச்சு முற்றத்தில் தொடர்ந்து இன்னொரு வீட்டில் முடிகிறது. இதைக் கட்டுக்கோப்புக் குறைவு என்று சொல்கிறவர்கள் இருக்கலாம். எனக்கு அப்படிப் படவில்லை. பெண்களின் நாள் எப்படி அறுந்து அறுந்து ஓடுகிறதோ, அந்த ஓட்டத்தையே அவர் நாவலின் நடையாக்கியிருக்கிறார்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கழிப்பறையில் நின்று எழுதினார் என்ற செய்தி நம்மை உருக்குகிறது. உருகிய மனசு அத்தோடு திருப்தியடைந்துவிடுகிறது. ‘அவவால முடிஞ்சதுதானே, ஒனக்கு ஏன் ஏலாது?’ என்று அடுத்த பெண்ணிடம் கேட்கவும் தொடங்கிவிடுகிறது. ஒருவர் எரிகிற வீட்டிலிருந்து தப்பி வந்தார் என்பதற்காக, வீடு எரிவது நல்ல பயிற்சி என்று சொல்லக் கூடாது. அப்படித் தப்பாமல் போன கொப்பிகள் எத்தனையோ. அவை நம் இலக்கிய வரலாற்றில் ஒரு வரியாகவும் இல்லை.

நைஜீரியாவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த புச்சி எமச்சேத்தா என்ற எழுத்தாளரின் அனுபவம் இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 22 வயதுக்குள் ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். அவருடைய முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கணவர் எரித்துவிட்டார். பிள்ளைகளோடு தனியே பிரிந்து வந்து, வேலையும் பார்த்து, படித்து, எழுதினார். எரிக்கப்பட்ட அந்த நாவலைத் திரும்ப எழுதி 1976 இல் வெளியிட்டார். 1974 இல் வந்த தன் இன்னொரு நாவலை அவர் பிள்ளைகளுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். அவர்களின் இனிய இரைச்சல் பின்னால் இல்லாவிட்டால் அந்த நூல் பிறந்திராது என்பது அந்தச் சமர்ப்பணத்தின் சாரம். நம் ஆண் எழுத்தாளர்களின் ‘இடைஞ்சல் தராத’ நன்றி வரியோடு இதைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஒருவர் அமைதிக்காக நன்றி சொல்கிறார், மற்றவர் இரைச்சலுக்காக நன்றி சொல்கிறார். எமச்சேத்தாவின் எழுத்தை அழிக்கப் பார்த்தது பிள்ளைகளின் சத்தமல்ல, ‘இவளுக்கு இது தேவையில்லை’ என்ற முடிவு. சத்தத்துக்குள்ளும் எழுதலாம். தேவையில்லை என்று முடிவெடுத்த வீட்டில் எழுதுவதுதான் கடினம்.

ஆண்களுக்கு நேரம் இருந்ததா?

ஆண்களுக்கு எல்லாம் தங்கத் தட்டில் வந்தது என்று நான் சொல்லவில்லை. தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வத்தல் வியாபாரி. அந்த வியாபாரத்துக்கிடையில்தான் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யும் ‘சாய்வு நாற்காலி’யும் எழுதினார். பின்னது 1997 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தன் சலூனில் முடிவெட்டிக்கொண்டே 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். நம் முஸ்லிம் எழுத்தாளர்கள் பலருக்கும் அது தாய்வீடு மாதிரி இருந்தது. கண்டியில் சித்திலெவ்வை சட்டத்தொழிலும் பார்த்து, பாடசாலைகளுக்காகவும் அலைந்து, ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையும் நடத்தி, 1885 இல் ‘அசன்பே சரித்திர’த்தையும் தந்தார். இவர்களின் உழைப்பைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் இவர்களின் போராட்டம் தொழிலோடு. வத்தல் மூட்டைக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் நடுவில். கடையை அடைத்துவிட்டு வந்தால் அன்றைய தொழில் முடிந்தது. குசினிக்கு அடைப்பு நேரம் கிடையாது. இதுதான் வித்தியாசம்.

எகிப்தின் நகீப் மஹ்பூழைப் பாருங்கள். வாழ்நாளின் பெரும்பகுதி அரசாங்க எழுதுவினைஞர் மாதிரி ஒழுங்காகக் கந்தோருக்குப் போய்வந்தவர், அதற்கு வெளியே எழுதியவர். 1988 இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய கெய்ரோ முத்தொகுதியை 1952 அளவில் எழுதி முடித்தார். 1954 இல், நாற்பதைத் தாண்டிய வயதில்தான் கலியாணம் முடித்தார். அவருடைய ஒழுங்கு போற்றத்தக்கது, சந்தேகமில்லை. இப்போது நம் ஊரில் ஒரு பெண்பிள்ளை, “வாப்பா, மூண்டு நாவல் எழுத வேண்டியிருக்கு, நாப்பது வயசுக்குப் பிறகு மாப்பிள்ள பாருங்க” என்று சொல்வதாகக் கற்பனை செய்து பாருங்கள். சிரிப்பு வருகிறதல்லவா? அந்தச் சிரிப்புத்தான் என் வாதம்.

பாயும் பாட்டும்

நம் பெண்கள் ஏன் நாவல் எழுதுவதில்லை, ஏன் கவிதையும் சிறுகதையும் மட்டும் எழுதுகிறார்கள் என்று விமர்சகர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. அண்மைக் காலத்தில் ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ (2014) போன்ற நாவல்கள் வந்திருக்கின்றன என்றாலும் கேள்வி நிற்கிறது. நேரக் கணக்கு தெரிந்தவருக்கு இதில் ஒரு பகுதி விடை உடனே கிடைக்கும். நாவலுக்கு ஆறு மாதம் தொடர்ந்து ஒரே உலகத்துக்குள் இருக்க வேண்டும். கவிதையை மனசுக்குள் வைத்துக்கொண்டு அரிசி களையலாம்.

ஆனால் இந்த விடையை முழு விடையாக்கினால் அதுவும் அவமதிப்புத்தான். சாய்ந்தமருது அனாரின் ‘எனக்குக் கவிதை முகம்’ தொகுதியோ, ஆசிரியையான பஹீமா ஜஹானின் ‘ஒரு கடல் நீரூற்றி’யோ, நாவல் எழுத நேரமில்லாதவர்கள் எழுதிய மிச்சசொச்சமல்ல. அவர்கள் கவிதையைத் தேர்ந்தெடுத்தவர்கள். நேரம் ஒரு வடிவத்தை நெருக்கலாம். அந்த நெருக்கடிக்குள் என்ன செய்தார்கள் என்பது கவிஞரின் திறமை. விமர்சகர் இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் ஒன்றில் இரக்கப்படுவோம், இல்லாவிட்டால் பக்கங்களை எண்ணுவோம்.

இன்னொரு விடயமும் இங்கே உண்டு. படைப்பும் வீட்டு வேலையும் எப்போதும் பகையாக இருந்தவை அல்ல. பன் பாய் இழைத்துக்கொண்டும், வயலில் கதிர் பொறுக்கிக்கொண்டும், பிள்ளையை ஏணையில் ஆட்டிக்கொண்டும் கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் கவி கட்டினார்கள். கை வேலையில் இருக்கும், வாய் பாட்டில் இருக்கும். பக்கத்தில் இருப்பவள் எதிர்க்கவி சொல்வாள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் இந்தக் கவிகளைத் தேடித் தொகுத்ததால்தான் அவற்றில் கொஞ்சமாவது நமக்கு மிஞ்சின. அனாரும் ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்று கிழக்கின் நாட்டார் காதற் பாடல்களைத் தொகுத்திருக்கிறார். நவீன கவிதை எழுதும் ஒரு பெண், மேசையும் பேனையும் இல்லாமல் கவி கட்டிய மூத்தம்மாமாரிடம் திரும்பிப் போனது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கவிகளில் பெரும்பாலானவற்றைக் கட்டியவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் அந்த வேலைகள் வாயையும் மனசையும் சும்மா விட்டன, கூட்டாகச் செய்யப்பட்டன. இன்றைய வேலை அப்படியில்லை. பிள்ளையின் புலமைப்பரிசில் வினாத்தாளைத் திருத்திக்கொண்டு கவி கட்ட முடியாது. கை ஓய்ந்திருக்கும்போதும் மனசு ஓய்வதில்லை. எழுத்துக்கு இன்று தனி நேரம் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டு வேலையும் மார்க்கமும்

‘பொம்புளைக்கு வீடுதான் முதல், மத்ததெல்லாம் பிறகு’ என்ற பேச்சுக்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. வீடு முதல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வீடு யாருக்கு முதல் என்பதில்தான் கேள்வி. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்பது அவர்களின் பதில். புகாரியில் பதிவான இந்தச் செய்தி நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பயான்களிலும் கேட்டிருக்கிறோம். அந்த ஸுன்னத்து குசினி வாசலைத் தாண்டி உள்ளே வருவதில் மட்டும் ஏனோ தாமதம்.

அறிவு முயற்சி முழுக் குடும்பத்தினதுமாக இருந்த வீடுகளும் நம் வரலாற்றில் உண்டு. 12 ஆம் நூற்றாண்டின் ஹனஃபீ சட்ட அறிஞர் அலாஉத்தீன் ஸமர்கந்தீயின் மகள் பாத்திமா, வாப்பாவிடம் கற்றுத் தானும் சட்ட அறிஞரானவர். வாப்பாவின் நூலுக்குப் பேருரை எழுதிய காஸானீதான் அவரது கணவர். அந்த வீட்டிலிருந்து வெளியான ஃபத்வாக்களில் மூவரின் கையெழுத்தும் இருந்ததாகவும், கணவர் தடுமாறும் இடங்களில் பாத்திமா திருத்தியதாகவும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்த வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் கற்ற நேரத்தை வீட்டார் வீண் என்று கருதவில்லை.

இனி என்ன?

கட்டுரையை ஆதங்கத்தோடு முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. நம் கைக்கு எட்டுகிற சில காரியங்கள் இருக்கின்றன.

முதலாவது, நம் இலக்கியக் கூட்டங்களின் நேரம். அஸருக்குப் பிறகு தொடங்கி மஃரிபைத் தாண்டி இழுபடும் கூட்டத்துக்குப் பெண்கள் வரவில்லை என்று குறைப்படுகிறோம். பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் நேரத்திலோ, விடுமுறை நாளின் காலையிலோ, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரக்கூடிய இடத்தில் ஒரு கூட்டம் வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகளின் சத்தம் கேட்டால் கேட்கட்டும்.

இரண்டாவது, விமர்சகர்களான நாம் ‘குடும்பப் பொறுப்புகளுக்கு மத்தியிலும்’ என்ற வசனத்தைக் கைவிட வேண்டும். அதை விடவே முடியாது என்றால் ஆண்களுக்கும் சமமாகச் சொல்லுவோம். ஓர் ஆண் எழுத்தாளரைப் பேட்டி காணும்போது, நீங்கள் எழுதும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்ப்பது யார் என்று கேட்போம். கேள்வி சின்னது. பதிலில் அவருடைய நூல் எப்படி உருவானது என்ற செய்தி முழுவதும் இருக்கும்.

மூன்றாவது, வீடு. எல்லா வீடுகளுக்கும் ஒரே மருந்து கிடையாது. கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்க, தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணிடம், ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள் என்று சொல்வது எளிதான புத்திமதி. அங்கே ஒரு ராத்தாவோ சாச்சியோ மாமியோ பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஏற்றவாறுதான் நம் ஊர்களில் தாய்வழி வீடுகள் ஒரே வளவுக்குள் நெருங்கி நிற்கின்றன. இருவரும் வீட்டில் இருக்கும் குடும்பங்களில் இந்தச் சாக்கு இல்லை. சுபஹுக்குப் பிறகோ இஷாவுக்குப் பிறகோ, வாரத்தில் மூன்று நாட்கள், ஒரு மணித்தியாலம். அந்த நேரத்தில் தேத்தண்ணியை வாப்பா போடுவார், சப்பாத்தைப் பிள்ளை தானே தேடிக்கொள்வான். “உம்மா எழுதுறா, கூப்பிடாதீங்க” என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ‘உம்மா தொழுறா’ என்றால் எந்தப் பிள்ளையும் கூப்பிடாமல் பொறுத்திருக்கிறது. பொறுக்கத் தெரிந்த பிள்ளைகள்தான் நம் பிள்ளைகள். எழுத்தைத் தொழுகைக்குச் சமமாக்கி இதைச் சொல்லவில்லை. காத்திருக்கும் பழக்கம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் எல்லாரும் பெரிய நாவல் எழுதிவிடப் போவதில்லை. சிலர் பழைய கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைப்பார்கள். சிலர் உம்மாவிடம் கேட்ட கவிகளை எழுதிவைப்பார்கள். சிலருக்கு அந்த நேரம் வாசிக்க மட்டும் போதும். எதுவானாலும் அது அவர்களின் நேரம், கணக்குக் கேட்பதற்கு வேறு யாருக்கும் உரிமையில்லை. பிறகு அவர்களின் நூல் நம் கைக்கு வரும்போது, எவ்வளவு வேலைக்கிடையில் எழுதினார் என்று வியப்பதை விட்டுவிட்டு, எப்படி எழுதியிருக்கிறார் என்று நேரடியாகக் கேட்போம். நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லை என்று சொல்லும் மரியாதையையும் அவர்களுக்குக் கொடுப்போம்.